துக்ஸிஸ் 2009

ரோயா துறைமுகத்தில் பிப்ரவரி.
படகுகளைச் சுற்றிப் பனிக்கட்டி.
மேசை மேல் மூன்று கோப்புகள்.
அண்ணன் இல்க்வார்ஸ் கடைசிப் பக்கங்களை மட்டும் படித்தான்,
விலை அங்கேதான் இருக்கும்.

முப்பத்து நான்கு பேர், ஒன்பது கணினி,
தராசோடு பேசும் லேபிள் பிரிண்டர் ஒன்று.
அது வாயை மூடினால்
புகையில் வெந்த மீனுக்குப் பெயரில்லை, தேதியில்லை.
பெயரில்லாத டப்பா கேட்டைத் தாண்டாது.

போன குளிர்காலத்தில் மூடியது.
கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஐகர்ஸ்
அயர்லாந்துக்குப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது,
சர்வரின் கடவுச்சொல்லும் அவனோடு போயிருந்தது.
பதினோரு மணி நேரம்
கப்பல் கவிழ்ந்தவர்கள் போலக் கன்னத்தில் கைவைத்திருந்தோம்.
கப்பல்கள் என்னவோ ஜன்னலுக்கு வெளியே
பத்திரமாகத்தான் நின்றன.
கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து போனை எடுத்தவன்
சிரித்தான், பிறகு வெட்கப்பட்டான்:
"என் நாயின் பெயர். அது பிறந்த வருடம்."
எழுதி இழுப்பறைக்கு அடியில் ஒட்டிவைத்தேன்.

முதல் கோப்பு ரீகாவிலிருந்து.
வழுவழுத்த தாள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று திட்டங்கள்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீத நேரம்
எல்லாம் ஓடும் என்றார் டை கட்டியவர்.
கணக்கெழுதுகிறவள் நான். மிச்சத்தைப் பெருக்கிப் பார்த்தேன்:
வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்.
எந்த ஒன்பது என்று கேட்டேன்.
மார்ச்சிலா, மீன் வராத ஜூலையிலா?
அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

இரண்டாவது, பாதி விலை.
அண்ணனின் விரல் அதன்மேலேயே கிடந்தது.
சோதனைக்காக நடு இரவில் அழைத்தேன்.
ஒரு பையன், குரலில் அவ்வளவு பணிவு,
அவனுக்குப் பின்னால் எங்கோ சேவல் கூவியது,
அங்கே விடிந்துகொண்டிருந்தது.
புகார் எண் கொடுத்தான். பன்னிரண்டு இலக்கம்.
மறுநாள் அழைத்தால் வேறு குரல்.
அதனிடம் எங்கள் பிரிண்டரை
மறுபடி பெற்றெடுக்க வேண்டியிருந்தது.
பையன் மேல் குற்றமில்லை.
முந்நூறு பிரிண்டர்களுக்கு அவன் ஒருவன்.

மூன்றாவது நேரில் வந்தது,
தால்சியிலிருந்து, பனி ஒட்டிய பூட்ஸோடு.
லியானா.
காப்பி வேண்டாம் என்றாள். மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தாள்.
எக்ஸ்டென்ஷன் ஒயர்களை எண்ணினாள்.
சர்வர் மேல் நாங்கள் காயப்போட்டிருந்த கையுறைகளை
ஒன்றும் சொல்லாமல் எடுத்து நாற்காலியில் வைத்தாள்.
பேக்கப்பைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்றாள்.
எடுத்தது எப்போது என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"நீங்கள் இரண்டே பேர். இருவருக்கும் காய்ச்சல் வந்தால்?"
"வரும்," என்றாள். "போன வருடம் வந்தது.
எங்களுக்குப் பதில் வென்ட்ஸ்பில்ஸ் கம்பெனி ஒன்று போனது.
அவர்களுக்கு மீன் வாசனை ஆகாது. ஆனாலும் வருவார்கள்."
பிறகு, கையெழுத்துக்கு முன்பே,
பிரிவதைப் பற்றிப் பேசினாள்:
ஒரு நாள் எங்களை நிறுத்துவீர்கள்.
அன்று எல்லாச் சாவிகளும்
எத்தனை நாளில் உங்கள் கைக்கு வர வேண்டும்,
அதை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் அப்போதுதான் ஒரு முதல் பக்கத்தைத் திருப்பினான்.
மாதம் நாற்பது பெட்டி மீன் போகுமே என்று முனகினான்.
அந்தப் பதினோரு மணி நேரத்தில் போனது எத்தனை பெட்டி என்று
நான் கேட்கவில்லை.
உதடு அசைய அவனே எண்ணிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கடவுச்சொல்லை மாற்றினாள்.
புதியது நீளம், அர்த்தமில்லாதது.
ஒரு பிரதி உறையில், உறை இரும்புப் பெட்டியில்.
இழுப்பறைக்கு அடியிலிருந்த தாளைப் பிய்த்தேன், பாதி வந்தது.
ஒரு வருடம், காலையில் முதல் வேலையாக,
பார்த்தேயிராத நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.
இருந்தால் பதினைந்து வயது.
ஐகர்ஸிடம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விரல்கள் பழக்கத்தில்
து, க், ஸி வரை போய்விட்டன.
முழுதாக அடித்துப் பார்த்தேன்.
திறக்கவில்லை.